நாங்கள் கழுவி வைத்த கால்வாய்

"…கூட்டித் துடைச்சது எங்க தப்புதான் புவான். ஆனா நாங்க கூட்டினதைப் பார்த்துட்டுத் தண்ணி திரும்பிப் போயிடாது. ரோட்டுக்கு அடியில இருக்கிற குழாய் அவ்வளவுதான் குடிக்கும். மிச்சத்தை நான்தான் வீட்டுக்குள்ள வாங்கி வச்சுக்கணும்."

கடைசி வீட்டு அக்கா இதைச் சொன்னது மலாயில். நகராண்மைக் கழகத்திலிருந்து எங்கள் கால்வாயைப் பார்க்க வந்த பெண் அதிகாரியிடம், மரியாதையாகப் 'புவான்' என்று அழைத்து, தன் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொன்னார். நான் தமிழில் எழுதும்போது கொஞ்சம் குரல் மாறியிருக்கலாம். ஆனால் குழாய் 'குடிக்கும்' என்பது என் கைச்சரக்கு இல்லை. மலாயிலும் அவர் அந்தச் சொல்லைத்தான் போட்டார். அதிகாரி அதைக் கேட்டுத் தலை நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

நான் இப்படித்தான். ஆட்களின் பெயர் மறந்துபோகும், அவர்கள் சொன்னது மறக்காது. பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு நாள் முழுக்கக் காதில் பேச்சு விழுந்துகொண்டே இருக்கும். அதில் நல்லதாக ஒன்று அகப்பட்டால் அன்றைக்குச் சமையல் செய்யும்போது அதையே நாலு தடவை சொல்லிப் பார்ப்பேன். அக்கா சொன்ன இந்த வாக்கியத்தை நாலு தடவை அல்ல, ஒரு வருடமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நன்றாக முடிந்த கதை. அக்கா அதைச் சொன்ன கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. அதிகாரி கால் நனைய நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார். தான் எழுதியிருந்ததை அழித்துவிட்டு வேறு எழுதினார். அந்த வருடம் முடிவதற்குள் பழைய குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு, ஆள் குனிந்து நடந்து போகும் அளவுக்குச் சதுரமாகச் சிமெண்டு வழி போட்டார்கள். இப்போது மாலையில் இடி இடித்தால் நான் துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு மைலோ கலக்கிக் குடிக்கிறேன். முன்பெல்லாம் இடிச் சத்தம் கேட்டதும் வேன் சாவியைத் தேடுவேன், அக்கா பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளை ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோக. மழை பெய்கிறபோது சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு சுகம் என்று இந்த வயதில்தான் தெரிந்தது.

உலு திராமிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தாமான், எங்கள் குடியிருப்பு. ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டமாக இருந்த இடம். வரிசை வீடுகள், ஒரு திடல், ஒரு பொது மண்டபம், நாலைந்து கடைகள். தாமான் கட்டிய காலத்தில் மேட்டுப் பக்கம் இன்னும் செம்பனைதான் நின்றது. அங்கே பெய்த மழையை மண்ணே வைத்துக்கொள்ளும். பிறகு மேட்டிலும் ஒரு தாமான் வந்தது, கடைவீடுகள் வந்தன, கார் நிறுத்துமிடம் வந்தது. கூரையும் சிமெண்டும் தண்ணீரைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுமா? விழுந்த வேகத்தில் கீழே தள்ளிவிடும். கீழே இருப்பது நாங்கள். கால்வாய் என்னவோ அகலம்தான். ஆனால் சரிவின் கடைசியில் சாலையைக் கடக்கும் இடத்தில் அது பூமிக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் நுழைந்தாக வேண்டும். செம்பனை நின்ற காலத்து மழைக்கு அளந்து போட்ட குழாய் அது. அதற்கு எதிரே இருப்பதுதான் அக்காவின் வீடு.

அக்கா தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விற்றுப்போனதும் ஜொகூர் பாருவில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார், அந்தத் தொழிற்சாலையும் மூடிய பிறகு வீட்டிலேயே பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அம்மாக்கள் விடிவதற்கு முன்னால் பாலத்தைக் கடக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கிவந்து அக்கா வீட்டு மெத்தையில் கிடத்திவிட்டுப் போவார்கள். ஏழு பிள்ளைகள் இருந்தன. தண்ணீர் புகுந்த மூன்றாவது தடவைக்குப் பிறகு ஐந்தானது. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. "அக்கா, உங்க மேல ஒண்ணும் இல்லை லா, பிள்ளைக்குச் சளி பிடிக்குது" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அப்படிச் சொல்வதற்குப் பதில் திட்டியிருந்தால் அக்காவுக்கு வலி குறைந்திருக்கும்.

அக்காவின் மகள் பெக்கான் நானாஸில் கட்டிக்கொடுத்த இடத்தில் வசதியாக இருக்கிறாள். வந்து என்னோடு இரு என்று ஒவ்வொரு மழைக்கும் போன் போடுவாள். ஒரு நாள் வேனுக்குப் பக்கத்தில் நின்று அக்கா என்னிடம் சொன்னார்: "இந்தத் தடவையும் ஒண்ணும் நடக்கலைன்னா பூட்டிட்டுப் போயிடுறேன் தங்கச்சி. அங்க போனா எனக்கு எல்லாம் கிடைக்கும். ஆனா அங்க நான் விருந்தாளி. இங்கதான் நான் வீட்டுக்காரி."

நான் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். படிப்பினால் வந்த பதவி இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வண்டி உள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். அலுவலக மலாயை நான் கற்றதே நகராண்மைக் கழகம் எங்களுக்கு எழுதிய பதில்களைப் பார்த்துத்தான். அவர்கள் எனக்கு என்ன வாசகம் எழுதுகிறார்களோ அதையே அடுத்த கடிதத்தில் அவர்களுக்குத் திருப்பி எழுதுவேன். 'தங்கள் கடிதம் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று வரும். 'தங்கள் கவனம் எங்கள் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று நான் எழுதுவேன். ஒரு தடவை அங்கே முகப்பில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டுச் சிரித்து, அதற்காகவே முத்திரை குத்திக் கையில் கொடுத்தாள்.

தலைவர், நானா. தமிழ் முஸ்லிம், ஜொகூர் பாருவில் முப்பது வருடத்துக்கு மேல் சாப்பாட்டுக் கடை வைத்திருந்து, மகன் கையில் கொடுத்துவிட்டு எங்கள் தாமானில் ஓய்வாக இருப்பவர். ஓய்வு என்பது அவர் சொல்வது. காலையில் திடலைச் சுற்றி நடந்துகொண்டே யார் வீட்டுக் குப்பைத்தொட்டி மூடாமல் இருக்கிறது என்று பார்த்து வருவார். எங்களுக்கென்று நகராண்மைக் கழக உறுப்பினர் ஒருவர் உண்டு. நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் அல்ல, இங்கே அவர்களை நியமித்துத்தான் அனுப்புவார்கள். அதனால் அவரிடம் கோபப்பட எங்களுக்கு எப்போதும் ஒரு தயக்கம். "நாம போட்ட ஓட்டா, திருப்பிக் கேக்கிறதுக்கு" என்பார் நானா. ஆனால் உறுப்பினர் நல்ல மனுஷர். அந்த வருடம் நகராண்மைக் கழகம் புதிதாக ஒரு திட்டம் கொண்டுவந்தபோது விண்ணப்பப் பாரத்தை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பாரத்தின் தலையில் 'நிலைத்த மேம்பாடு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்.

"நிலைக்கிற மேம்பாடா? அப்ப இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் என்ன தங்கச்சி?"

பக்கத்தில் நின்ற அக்காதான் பாரத்தை எட்டிப் பார்க்காமலே சொன்னார், மழை பெய்தால் மெத்தை நனையக் கூடாது, அதுதான், எழுதிக்கொள் என்று. நான் அப்படியே எழுதினேன். அலுவலக மலாயில் அதற்கு வாசகம் கிடைக்காததால் சாதாரண மலாயில் எழுதினேன்.

குழாய்ப் பணி நடந்த சமயத்தில் திடலைப் பற்றி ஒரு சண்டை வந்தது. அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குழாயை மட்டும் பெரிதாக்கினால் நம் தண்ணீர் நமக்குக் கீழே இருக்கிற கம்பத்துக்கு, அந்தக் கிராமத்து வீடுகளுக்குப் போய் அங்கே புகும் என்றார் அதிகாரி. அதனால் திடலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். பெரிய மழையில் தண்ணீர் அங்கே வந்து தங்கி, மெதுவாகக் கால்வாய்க்கு இறங்கும். பொது மண்டபத்தில் கூட்டம் கூட்டி அவர் இதைச் சொன்னதும் சலசலப்பு. பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். டிங்கிக் கொசு வரும். வீட்டு விலை இறங்கும். பந்து விளையாடுகிற இடத்தில் மீன் பிடிக்கச் சொல்கிறீர்களா என்று நானாவே கேட்டுவிட்டார். அக்கா பின்வரிசையில் இருந்து எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், தண்ணீர் அங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று. மழை விட்டு இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும் என்று பதில் வந்தது.

"அப்ப சரி. என் வீட்டில ரெண்டு நாள் நிக்கிற தண்ணி அங்க ரெண்டு மணி நேரம் நின்னுட்டுப் போகட்டும். நீங்க யாரும் திடல்ல படுத்துத் தூங்கலையே."

சிரிப்பு வந்தது. அதோடு எதிர்ப்பு அடங்கியது. இப்போது திடலின் சரிவில் செராய் என்கிற எலுமிச்சைப்புல் நட்டிருக்கிறோம், மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று. குழம்புக்கு வேண்டியவர்கள் பிடுங்கிக்கொள்ளலாம், பிடுங்கினால் ஒன்று நட வேண்டும். மழைக்குப் பிறகு எங்கேயாவது தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை வீட்டுக்கு ஒரு வாரம். நானாவின் முறை வரும் வாரம் தாமானே நடுங்கும்.

ஆனால் இவ்வளவும் எங்கள் கை நழுவிப் போக இருந்தது. நழுவ விட்டது நாங்களேதான். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது சிரிப்பாக இல்லை.

உறுப்பினர் போன் செய்து, வரும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் அதிகாரி இடத்தைப் பார்க்க வருகிறார் என்றார். இந்த வட்டாரத்துக்கு இந்த வருடம் ஒரே ஒரு பணிதான், இன்னொரு தாமானும் கேட்டிருக்கிறது, இரண்டையும் பார்த்துவிட்டு அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் என்றும் சொன்னார். நான் உடனே நானாவிடம் ஓடினேன். அவர் முகம் மலர்ந்ததா வெளுத்ததா என்று சொல்ல முடியாது. "அரசாங்கத்து ஆள் வர்றாங்க. லோங்காங்கை இப்படியா காட்டுறது" என்றார். லோங்காங் என்று அவர் சொன்னது கால்வாயைத்தான்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. சாப்பாட்டுக் கடைக்காரருக்கு அதிகாரி வருகிறார் என்றால் சுகாதாரச் சோதனை என்று அர்த்தம். முப்பது வருடமாக அந்தச் செய்தி வந்ததும் அவர் செய்தது ஒன்றுதான்: அடுப்படியைத் தேய்த்துக் கழுவுவது. நாங்கள் மற்றவர்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பெரிய துரை வருகிறார் என்றால் முதல் நாளே லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, சாக்கடையை வழித்து, வாசலில் கோலம் போட்டு வைத்த ஜனங்களின் பிள்ளைகள். அதிகாரி என்று காதில் விழுந்தாலே கை தானாக விளக்குமாற்றைத் தேடும். குறையைக் காட்டத்தான் அவரை வரச் சொல்கிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். மூன்று மொழியில் அறிவிப்பு எழுதி எல்லார் வீட்டுக் கம்பிக் கதவிலும் மாட்டியவள் நான். 'கோத்தோங் ரோயோங், அனைவரும் வருக, மண்வெட்டி கொண்டு வருக.'

விடுமுறை நாள் காலையில் தாமானே கால்வாயில் இறங்கியது. கோத்தோங் ரோயோங் என்கிற ஊர்கூடிச் செய்யும் துப்புரவு என்றால் வழக்கமாகப் பத்துப் பேர் வேலை செய்வார்கள், இருபது பேர் படம் எடுப்பார்கள். அன்றைக்கு எல்லாருமே வேலை செய்தார்கள். சீனக் கிழவர் ஒருவர் தன் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைப் பல் துலக்குவது போலத் தேய்த்தார். டயர் வந்தது, ஒற்றைப் பள்ளிச் சப்பாத்து வந்தது, மேட்டிலிருந்து அடித்து வந்த சேறு மூட்டை மூட்டையாக வந்தது. லாரி வைத்து மத்தியானத்துக்குள் அனுப்பிவிட்டோம், ஒரு மூட்டைகூட மிச்சம் வைக்காமல். பிறகு நானா அக்காவின் வீட்டு வெளிச்சுவரைப் பார்த்தார்.

அந்தச் சுவரில் பழுப்புக் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்தபோது விட்டுப்போன கோடு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, கோடு போட்ட நோட்டுப்புத்தகம் மாதிரி. அதிகாரி பார்க்க வேண்டிய ஒரே ஒரு பக்கம் அதுதான். அக்காவுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும்.

"இது இருக்கட்டுமே நானா" என்றார்.

"கோடு கோடா இருக்கிற வீட்டிலயா அவங்களை உக்கார வச்சுத் தேத்தண்ணி கொடுக்கப் போறே? நாளைக்கு நம்ம தாமானைப் பத்தி என்ன சொல்லுவாங்க?"

அக்கா சுவரை விட்டு விலகி நின்றார். ஏழ்மையைச் சுவரில் எழுதி வைத்திருப்பது போல அவருக்கே கூச்சம் இருந்திருக்கும். நானா கடைச் சுவருக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைச் சாயத்தைக் கொண்டுவந்தார். சாயங்காலத்துக்குள் சுவர் புது வாழையிலை மாதிரி ஆகிவிட்டது. யாரோ தங்கள் வீட்டுப் பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து கால்வாய் ஓரமாக வரிசையாக வைத்தார்கள். அது நல்ல யோசனை என்று எல்லாரும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் என் காகிதப்பூத் தொட்டியைக் குழாயின் வாய்க்கு மேலேயே வைத்தேன், அழகாக இருக்கட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை புவான் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தலைத்துணி, தோளில் பை, கையில் அளவுநாடா. கெட்டிக்காரப் பெண் என்று நடையிலேயே தெரிந்தது. கால்வாயின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை ஓரமாகவே நடந்தார், படம் எடுத்தார், அங்கங்கே குனிந்து பார்த்தார். நானா ஒரு தட்டு வடையோடு இரண்டு அடி பின்னால். நான் கடிதக் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால். பாதி வழியில் புவான் திரும்பி, இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு சுத்தமான கால்வாயை நான் பார்த்ததில்லை என்றார். நானாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடைக்கு 'ஏ' தரம் கிடைத்த நாளில் அப்படித்தான் இருந்திருப்பார்.

பார்த்து முடித்து, அக்கா வீட்டில் உட்கார்ந்தோம். கூடத்து மெத்தைகளில் பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்கள். அதனால் எல்லாரும் தணிந்த குரலில் பேசினோம். புவான் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தட்டுக்கணினியைத் திறந்து, எழுதியிருப்பதை எங்களுக்கும் சொன்னார். மறைக்கிற ஆள் இல்லை. நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படங்களைப் பார்த்தேன் என்றார். அவற்றில் கால்வாய் முழுக்கச் சேறும் குப்பையும். தண்ணீர் ஏறியது அந்த அடைப்பால்தான். இப்போது நீங்களே அடைப்பை எடுத்துவிட்டீர்கள். கால்வாய் நல்ல நிலையில் இருக்கிறது, வீட்டுச் சுவரில்கூட வெள்ளம் வந்த அடையாளம் இல்லை. மற்றத் தாமானில் நிலைமை மோசம், அதனால் இந்த வருடம் அவர்களுக்கு. உங்கள் தாமானை மற்றவர்களுக்கு முன்மாதிரியாக எழுதப் போகிறேன் என்று சொல்லிப் புன்னகையோடு எங்களைப் பார்த்தார்.

அவர் மேல் தப்பே இல்லை. கண்ணில் பட்டதை எழுதுகிறவர் அவர். கண்ணில் படவேண்டியதையெல்லாம் நாங்கள் லாரி ஏற்றி அனுப்பியிருந்தோம்.

நானா வடைத் தட்டைக் கீழே வைத்தார். "நாங்கதான் புவான் சுத்தம் பண்ணினோம்" என்று ஆரம்பித்தார். முதல் இரண்டு சொல்லில் பெருமை இருந்தது, கடைசிச் சொல்லில் இல்லை. நடந்தது அவருக்கு அந்த வாக்கியத்தின் நடுவிலேயே விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தார். நான் செயலாளர், நான்தான் பேச வேண்டும். குழாய் சிறியது, மேட்டில் வீடு பெருகிவிட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் கடித மலாய்தான் வருகிறது. மேற்கண்ட விவகாரம் தொடர்பாகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், என்று ஆரம்பித்துவிட்டு நின்றுபோனேன். கடிதத்தில் அதற்கு மேல் எழுத வேண்டியதை ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் குழாயைப் பற்றி ஒருவழியாகக் கேட்டேன். பழைய வரைபடத்தில் அந்த அளவு போதும் என்றுதான் இருக்கிறது என்றார் புவான், அன்பாகவே. தட்டுக்கணினியை மூடினார். கையொப்பம் மட்டும் பாக்கி என்றார்.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. பெக்கான் நானாஸ் என்பது எனக்கு அந்த நிமிடத்தில் ஊராகவே தெரியவில்லை, பூட்டிய கதவாகத் தெரிந்தது. விடியற்காலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் ஐந்து அம்மாக்கள் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நிற்பது போல இருந்தது.

அக்கா மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, சிணுங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி இருந்தார். ஜன்னலுக்கு வெளியே மேட்டுப் பக்கம் வானம் கறுத்துவிட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பிற்பகல் வானம், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காற்று மாறி, பச்சைச் சாயத்தின் வாடை உள்ளே வந்தது. அக்கா ஒரு தடவை வெளியே பார்த்தார், ஒரு தடவை புவானைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி, வருகிறவர்களுக்காக வீட்டைப் பெருக்குவது எங்கள் பழக்கம், உங்களுக்குத் தெரியாததா என்று ஆரம்பித்து, கூட்டித் துடைத்தது எங்கள் தப்புதான் என்றார், குழாய் அவ்வளவுதான் குடிக்கும் என்றார். மிச்சத்தைத் தான் வீட்டுக்குள் வாங்கி வைத்துக்கொள்வதைச் சொன்னார்.

புவான் பதில் சொல்வதற்காக அவர் காத்திருக்கவில்லை. முதல் துளி கூரைத் தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போனார். படியில் புவான் கழற்றி வைத்திருந்த கறுப்புச் சப்பாத்தை எடுத்து, ஈரம் படாமல் முந்தானையால் ஒரு தடவை துடைத்து, குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வைத்தார். எங்களுடைய செருப்புகளையும் எடுத்து அதன் பக்கத்தில் வரிசையாக வைத்தார். திரும்பி வந்து, அதற்குள் தூங்கிவிட்டிருந்த கைக்குழந்தையை மெதுவாகத் தூக்கி, "கொஞ்சம் பிடிங்க புவான்" என்று அவர் மடியில் கொடுத்துவிட்டு, முதல் மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தார்.